தண்ணீர் ஊற்றாத தோட்டம்

சித்திரையில் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். மொட்டைமாடித் தொட்டியில் ரோஜா கருகிக் கிடக்கும். புதினா வைக்கோலாகியிருக்கும். மண் ஓடு போல இறுகி, தொட்டியின் விளிம்பை விட்டு விலகி நிற்கும். பக்கத்துக் காலிமனையில், கட்டட இடிபாடுகளுக்கு நடுவே, எருக்கு தழைத்துப் பூத்துக்கொண்டிருக்கும். அதற்கு யாரும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை. நாள் தவறாமல் ஊற்றி வளர்த்தது ஏழே நாளில் போய்விட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்காதது எப்படி நிற்கிறது?

இந்தக் கேள்விக்கு முக்கால் ஏக்கர் பரப்பில், மண்ணிலேயே விடை தேடியவர் பெத் சாட்டோ. இங்கிலாந்தின் கிழக்கே எசெக்ஸ் மாவட்டத்தில், கோல்செஸ்டருக்கு அருகே எல்ம்ஸ்டெட் மார்க்கெட் என்ற கிராமத்தில் அவருடைய வீடும் தோட்டமும் இருக்கின்றன. 1923-இல் பிறந்த அவர் 2018-இல் காலமானார். அந்தத் தோட்டத்தில் ‘சரளைத் தோட்டம்’ என்ற பகுதி 1992-இல் நடப்பட்டது. நட்டபோது விட்ட நீரோடு சரி. அதன்பின் அங்கே குழாய்த் தண்ணீர் விடுவதில்லை என்று அவர் ஒரு விதி வைத்தார்.

இங்கிலாந்து என்றதும் எந்நேரமும் தூறிக்கொண்டிருக்கும் நாடுதான் நம் நினைவுக்கு வரும். எசெக்ஸ் அப்படிப்பட்ட இடமில்லை. அந்த வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். சென்னையில் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. வறண்ட ஊர் என்று நாம் சொல்லும் தூத்துக்குடியில்கூட எசெக்ஸைவிடக் கூடுதல். போதாக்குறைக்கு, சாட்டோவின் மேட்டு நிலம் வெறும் மணலும் சரளையும். 20 அடி ஆழம் வரை அதே கதைதான்.

அவரும் கணவர் ஆண்ட்ரூவும் 1960-இல் அங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். ஆண்ட்ரூ பழப்பண்ணை வைத்திருந்தவர். பண்ணையில் பயிர் வைக்க லாயக்கில்லை என்று விட்டிருந்த நிலம் அது. மேட்டில் தண்ணீர் நிற்காது, பள்ளத்தில் தண்ணீர் வடியாது. முள்ளும் புதரும் மண்டிய அந்த இடத்தைச் சிறிது சிறிதாகத் தோட்டமாக்கினார் பெத். 1967-இல் ஒரு நாற்றுப் பண்ணை தொடங்கினார். 1977 முதல் செல்சி மலர்க் கண்காட்சியில் பத்துத் தங்கப் பதக்கங்கள் வாங்கினார். செடி வாங்க வந்தவர்கள் தோட்டம் பார்க்க வந்தார்கள். தோட்டம் பார்க்க வந்தவர்கள் காரில் வந்தார்கள். மேட்டு நிலத்தின் ஒரு பகுதி அவர்கள் வண்டி நிறுத்தும் புல்தரையாயிற்று.

சொந்த வீட்டுத் தோட்டத்தைப் பிறர் பார்க்கத் திறந்துவிடுவது அந்த நாட்டில் ஊறிய வழக்கம். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்த செவிலியருக்கு நிதி திரட்டுவதற்காக 1927-இல் 609 தோட்டங்கள் திறக்கப்பட்டன. தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். சேர்ந்த தொகை 8,191 பவுண்டு. அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது. அழகான வழக்கம். ஆனால் இதில் மண்ணுக்கு ஒரு விலை இருக்கிறது. ஆசையாகப் பார்க்க வருகிறவர்களின் காலடியும் வண்டிச் சக்கரமுமே அந்த மண்ணை அழுத்துகின்றன.

மண் எடையோடு இருந்தாலும் முழுக்கத் திடப்பொருள் கிடையாது. நல்ல தோட்ட மண்ணின் கனஅளவில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். சிறு இடுக்குகளில் நீரும், பெரிய இடுக்குகளில் காற்றும் இருக்கும். படியில் பொரி அளக்கும்போது குலுக்கி அமுக்கினால் இன்னும் இரண்டு கை கொள்ளுமல்லவா? பொரி கூடவில்லை, இடையிலிருந்த காற்று வெளியேறிவிட்டது. மண்ணிலும் இதுவேதான் நடக்கிறது. இதற்கு மண் இறுக்கம் என்று பெயர். முதலில் நசுங்குவது பெரிய இடுக்குகள். வேர் மூச்சுவிடுவதும், மழைநீர் உள்ளே இறங்குவதும் அவற்றின் வழியாகத்தான். கார்ச் சக்கரம் தரையில் பதியும் இடத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் இரண்டு கிலோ எடை அமர்கிறது. பெரும்பாலான சேதம் முதல் ஒன்றிரண்டு தடவையிலேயே நடந்துவிடுகிறது. தினம் நூறு பேர் நடக்கும் பாதையைவிட, மழை பெய்த மறுநாள் ஒரே ஒரு முறை வண்டி ஏறிய பாத்தியை நினைத்தே நான் அதிகம் கவலைப்படுவேன்.

இதை அளப்பது எளிது. அளவு தெரிந்த ஓர் இரும்பு வளையத்தை மண்ணில் இறக்கி, உள்ளே சிக்கிய மண்ணைக் கலைக்காமல் எடுத்து, 105 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீர் முழுவதும் போகும்வரை காயவைத்து எடை போடுவார்கள். ஒரே அளவு வளையத்தில் எடை கூடினால் இடுக்கு குறைந்துவிட்டது என்று பொருள்.

1991-இல் வண்டி நிறுத்தும் இடத்தைத் தோட்டமாக்க முடிவெடுத்த சாட்டோ முதலில் செய்தது, இறுகிய அந்த அடுக்கை ஆழக் கொழுவால் உடைத்ததுதான். நம் ஊர் உளிக்கலப்பை செய்யும் வேலை அது. பிறகு மட்கு கலந்தார். நியூசிலாந்தில் பார்த்த வறண்ட ஆற்றுப்படுகை அவர் மனதில் இருந்தது. நீர்விடும் ரப்பர் குழாய்களைத் தரையில் வளைத்து வளைத்துப் போட்டு, பாத்திகளுக்கும் பாதைக்கும் கோடு வரைந்துகொண்டார். அந்தத் தோட்டத்தில் குழாய் செய்த முக்கியமான வேலை அதுதான்.

இனி, தண்ணீரின் கணக்கைப் பார்ப்போம். மாதச் சம்பளக்காரர் வீட்டுக் கணக்கைப் போலவே இதிலும் வரவு, இருப்பு, செலவு என மூன்று பத்திகள். வரவு மழை. இருப்பு, வேர் எட்டும் ஆழத்தில் மண் பிடித்து வைத்திருக்கும் நீர். செலவில் இரண்டு இனம்: மண்ணிலிருந்து நேராக ஆவியாவது ஒன்று, இலை வழியாக வெளியேறுவது இன்னொன்று. நாம் தோட்டம் என்றாலே வரவைக் கூட்டுவது பற்றியே யோசிக்கிறோம். குழாய், மோட்டார், சொட்டுநீர் எல்லாம் வரவுதான். சாட்டோ வரவைத் தொடவே இல்லை.

முதலில் இருப்பு. ஒரு வடிகட்டியில் கொண்டைக்கடலையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், மடமடவென்று இறங்கிவிடும். அதே அளவு கடலைமாவில் ஊற்றினால் நெடுநேரம் நிற்கும். நீர் துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் பொருள். துகள் சிறுக்கச் சிறுக்க மொத்த மேற்பரப்பு பெருகும், பிடிப்பும் பெருகும். களிமண் மாவு, சரளை கொண்டைக்கடலை. மட்கு சேர்ப்பது கடலைகளுக்கு நடுவே பஞ்சை வைப்பது போல. ஆனால் 20 அடிச் சரளையைப் பஞ்சால் நிரப்ப யாராலும் முடியாது. இருப்பு சிறியதாகவே இருக்கும். ஆகவே செலவில்தான் கைவைக்க வேண்டும்.

அகல் விளக்கைப் பாருங்கள். எண்ணெய் கீழே இருக்கிறது, சுடர் மேலே எரிகிறது. எண்ணெயை மேலே இழுப்பது திரியின் நூல்களுக்கு நடுவே உள்ள மெல்லிய இடுக்குகள். வேட்டி நுனி வாளியில் பட்டால் ஈரம் மேலே ஏறுவதும் அப்படித்தான். பாடப்புத்தகங்கள் இதை நுண்புழையேற்றம் என்கின்றன. இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். வெறும் மண், வெயிலில் எரியும் ஒரு திரி. மேல்மண் காயக் காய, அடியிலிருக்கும் ஈரம் ஏறிவந்து காற்றில் கலந்துகொண்டே இருக்கும்.

இந்தத் திரியை எப்படி அறுப்பது? மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சரளையைப் பரப்பினால் போதும். கற்களுக்கு இடையிலுள்ள சந்துகள் அகலமானவை. அவற்றில் நீர் ஏறாது. கீழே உள்ள ஈரம் சரளையின் அடியைத் தொட்டு நின்றுவிடும். அங்கிருந்து ஆவியாகத்தான் வெளியேற வேண்டும், அசையாத காற்றின் ஊடே மெதுமெதுவாக. சாட்டோ நட்டு முடித்ததும் சரளையால் போர்த்தினார். இயற்கை விவசாயிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் மூடாக்கு. அவர்கள் இலைதழை, வைக்கோல், கரும்புச் சோகையைப் போடுவார்கள். பொருள் வேறு, வேலை ஒன்றே. மானாவாரி நிலத்தில் மேல்மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று விடுவதற்கும் இந்தத் திரி அறுக்கும் பயன் உண்டு.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில் ஒரே அளவு மண்ணைப் போட்டு, ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். செடி வேண்டாம். ஒன்றின் மேல் கூழாங்கல்லைப் பரப்பி, இரண்டையும் தினம் காலையில் சமையலறைத் தராசில் வையுங்கள். கல் இல்லாத தொட்டி முதல் சில நாளில் மளமளவென்று எடை இழக்கும். அப்புறம் அதன் வேகமும் தணியும். மேலே உலர்ந்த மண்ணே கீழ் மண்ணுக்கு மூடாக்காகிவிடுவதுதான் காரணம். அந்த இடத்தில் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். தினம் மாலையில் மேலாகத் தெளித்துவிடுகிற நாம், அணையப்போகும் திரிக்குத் தினமும் எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த செலவு இலை. ஒரு செடி எவ்வளவு நீரை வெளியே விடுகிறது என்பதை முதன்முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் ஸ்டீஃபன் ஹேல்ஸ். லண்டனுக்கு அருகே டெடிங்டனில் இருந்த பாதிரியார். தொட்டியில் வளர்ந்த ஒரு சூரியகாந்தியை எடுத்துக்கொண்டு, தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடினார். மண்ணிலிருந்து நேராக ஆவியாவது இதனால் நின்றது. இனி எடை குறைந்தால் அது செடியின் வழியாகப் போன நீராகத்தான் இருக்கும். காலையிலும் மாலையிலும் எடை பார்த்தார். ஒரு பகல் பொழுதில் சராசரியாக 20 அவுன்ஸ், நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் சற்று மேல். 1727-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இது இருக்கிறது. ஒரு தராசும் பொறுமையும் வைத்துக்கொண்டு செய்த வேலை. படிக்கும்போது இன்றும் மனம் நெகிழ்கிறது.

இப்படி வெளியேறுவதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். செடி ஏன் இவ்வளவு தாராளமாகச் செலவழிக்கிறது? இலையில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு, இலைத்துளைகள். உணவு தயாரிக்கக் கரியமில வாயு அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். வாசல் திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும். பூட்டிவைத்தால் பட்டினி, திறந்துவைத்தால் தாகம். வறண்ட நிலத்துச் செடிகளின் உருவம் முழுவதும் இந்த இக்கட்டுக்குச் சொன்ன பதில்கள்.

சரளைத் தோட்டத்தில் உள்ள ஒரு செடியை ‘ஆட்டுக்குட்டிக் காது’ என்று அங்கே அழைக்கிறார்கள். துருக்கி, ஈரான் பக்கத்திலிருந்து வந்தது. இலை முழுக்க வெள்ளி நிறத்தில் அடர்ந்த ரோமம். நம் வீட்டுக் கற்பூரவல்லி இதற்கு உறவு. துளசியும் லாவெண்டரும் அதே குடும்பம். ஒரு கற்பூரவல்லி இலையைக் கிள்ளி வெயிலுக்கு எதிராகப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். விளிம்பு நெடுக மெல்லிய மயிர் வரிசை ஒளிவட்டம் போல மின்னும். அது ஒரு போர்வை. கொடியில் போட்ட ஈரத்துணி காற்று வீசினால் சீக்கிரம் காய்கிறது, காரணம் துணியை ஒட்டியிருக்கும் ஈரக்காற்றைக் காற்று துடைத்துக்கொண்டு போகிறது. இலைமேல் மயிர் இருந்தால் அந்த ஈரக்காற்று அங்கேயே சிக்கி நிற்கும், இழப்பு குறையும்.

மயிரின் இன்னொரு வேலை வெயிலைத் திருப்பி அனுப்புவது. அமெரிக்கப் பாலைவனத்தில் என்சிலியா என்ற புதர் இருக்கிறது. அதன் ஓர் இனத்துக்கு வெண்மயிர் உண்டு. கலிபோர்னியக் கடற்கரையில் வளரும் நெருங்கிய உறவினத்துக்கு இல்லை. 1976-இல் ஜேம்ஸ் எலரிங்கரும் உடன் ஆய்வாளர்களும் இரண்டையும் ஒப்பிட்டு, மயிர் அடர்ந்த இலை ஒளியை உள்வாங்குவது 56 விழுக்காடு வரை குறைகிறது என்று காட்டினார்கள். உள்வாங்கும் ஒளி குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் ஆவியாதல் குறையும். காலிமனை எருக்கின் இலை மீது இருக்கும் வெள்ளைப் பூச்சை விரலால் தேய்த்துப் பாருங்கள், அடியில் கரும்பச்சை தெரியும். (பாலை மட்டும் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

வேறு பதில்களும் உண்டு. சப்பாத்திக்கள்ளி இரவில் மட்டும் வாசலைத் திறந்து வாயுவைச் சேமித்துக்கொள்கிறது. வெங்காயக் குடும்பத்து அலங்காரச் செடிகள் சரளைத் தோட்டத்தில் கோடை முற்றும் முன்பே பூத்து முடித்து, கிழங்காக மண்ணுக்குள் போய்விடுகின்றன. நம் செங்காந்தள் வறட்சியில் செய்வதும் அதுவே.

வேரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. வேர் கண்ணில் படாததால் வெகுகாலம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜான் வீவர் என்ற தாவரவியலாளர் புல்வெளிகளில் ஆளுயரத்துக்கும் கீழே பள்ளம் தோண்டி, பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சிறுகச் சிறுகக் கொத்திக் கழித்து, வேர்களை அவை இருந்த நிலையிலேயே வரைந்தார். 1919-இல் அவர் வெளியிட்ட படங்களைப் பார்த்தால், தரைமேல் முழங்கால் உயரம் நிற்கும் செடி தரைக்குள் ஐந்தடிக்கும் கீழே இறங்கியிருக்கும். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேர் கிளைக்கும். தினம் மேலாக ஊற்றினால் வேரும் மேலாகவே நின்றுவிடும். மாடித் தொட்டி ரோஜாவுக்கு இறங்க இடமே இல்லை. ஒரு வாளி மண்தான் அதன் உலகம். எருக்கின் ஆணிவேர் இடிபாட்டைத் தாண்டிக் கீழே போய்விட்டது. ஆகையால் ரோஜா போனதற்கு உங்கள் கவனக்குறைவு காரணமில்லை. ஏழு நாள் இருப்புக் கொள்ளாத பானையில் அதைக் குடிவைத்திருந்தோம், அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் சாட்டோ தனியாகக் கண்டறியவில்லை. எந்தச் செடி எந்த மலையில், எந்த மண்ணில், எவ்வளவு மழையில் தானாக முளைக்கிறது என்று ஆண்ட்ரூ வாழ்நாள் முழுக்கத் தேடிக் குறித்துவைத்தார். அதற்காகவே பிற மொழிகளையும் படித்தார். அந்தக் குறிப்புகள்தான் பெத்துடைய கைவேலைக்கு அடிப்படை. நிலத்துக்கு ஏற்ற செடி என்பது அவர்களுடைய கொள்கை. தமிழருக்கு இது புதிதாகத் தோன்றாது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தைச் செடியின் பெயரால் அழைத்தவர்கள் நாம். எந்த நிலம் என்று கேட்டால் பூவின் பெயரைச் சொன்ன மொழி இது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சாட்டோவின் செடிப் பட்டியலை அப்படியே கொண்டுவந்து சென்னையில் நட்டால் மிஞ்சாது. எசெக்ஸில் மழை குறைவு என்றாலும் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் பெய்கிறது. குளிர்காலத்தில் ஆவியாதல் மிகக் குறைவு என்பதால் பெய்தது மண்ணில் தங்குகிறது. கோடை தொடங்கும்போது இருப்பு நிறைந்திருக்கும். நமக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிவிட்டு, பிறகு மாதக்கணக்கில் வெயில் காயும். கணக்கின் மூன்று பத்திகளும் ஒன்றேதான். உள்ளே எழுதும் எண்கள் வேறு.

விதியைக் காப்பது எளிதாக இருக்கவில்லை. 1995 கோடை இங்கிலாந்தில் பதிவான மிக வறண்ட கோடைகளுள் ஒன்று. அப்போதும் சாட்டோ குழாயைத் திறக்கவில்லை. வறட்சியால் தோட்டக் குழாய்க்குத் தடை விதிக்கும் ஆண்டுகளில் தன்னிடம் செடி வாங்குகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தத் தோட்டத்தையே போட்டார். தாங்காதவை போகட்டும், தாங்குபவை எவை என்று பார்ப்போம் என்பது அவர் நிலை. இன்று போகிறவர்கள் பார்ப்பது தேர்வில் தேறியவற்றை மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேறாதவை கண்ணில் படுவதில்லை.

சரளைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கினால், சில நிமிட நடையில் இன்னொரு உலகம். பள்ளத்தில் ஓடிய ஊற்றுநீர் ஓடையை மண்ணால் மறித்து அவர் உண்டாக்கிய குளங்கள் அங்கே இருக்கின்றன. கரையில் குடை அகல இலைகளோடு கன்னெரா நிற்கிறது. மேலே விரல் நகத்தளவு சாம்பல் நிற இலைகள், இங்கே ஒரு குழந்தை மழைக்கு ஒதுங்கும் அளவுக்குப் பச்சை இலை. இரண்டுக்கும் பெய்வது ஒரே 500 மில்லிமீட்டர். சரளைக்கு அடியில் களிமண் படுகை கிடக்கிறது. மேட்டில் பெய்து, வேரும் சரளையும் பிடித்துவைக்க முடியாமல் விட்ட நீர் அந்தக் களிமண்ணை எட்டியதும் மேற்கொண்டு இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் நகரும். நிலம் தாழும் இடத்தில் ஊற்றாகக் கசியும். பழைய வண்டி நிறுத்துமிடத்தின் மேல் விழுந்த மழைத்துளி, மெல்ல மெல்ல வழி தேடி, கன்னெராவின் வேரடிக்கு வந்து சேர்கிறது.